பாதி உயிர்: பூந்தாதைச் சேமித்து வைத்த வரலாறு

பூவின் உள்ளே இருக்கும் மஞ்சள் தூளுக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. தாது என்பது பழைய சொல். கொங்கு என்ற சொல் மணத்தையும் தேனையும் தூளையும் சேர்த்துக் குறிப்பது. பராகம் வடமொழியிலிருந்து வந்தது. பாடநூல்களில் நிலைத்துவிட்ட மகரந்தம் என்ற சொல்லுக்கு வடமொழியில் பூவின் தேன் என்பதே பொருள்; தமிழுக்கு வந்தபின் அது தூளின் பெயராகிவிட்டது. இவற்றுள் தாது என்ற சொல் கொஞ்சம் கூடுதலான கவனத்துக்கு உரியது. மண்ணுக்குள் இருக்கும் கனிமமும் தாது, உடலைத் தாங்கும் ஏழு கூறுகளும் தாது, மருத்துவ வழக்கில் ஆணின் விந்தும் தாது. 2005ஆம் ஆண்டில் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் நோயாளர் வரிசையில் இந்தச் சொல் இன்றைக்கும் புழங்குகிறது. பூவின் தூளுக்கும் ஆணின் விந்துக்கும் ஒரே பெயர் இருப்பதைக் கொண்டு, நம் முன்னோர் தாவரங்களின் கருவுறுதலை முன்பே அறிந்திருந்தார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வளவு விரைந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. சாரம் என்ற பொதுப்பொருளிலிருந்து இரண்டும் கிளைத்திருக்கலாம். ஆனால் ஒரு மரத்தைப் பொறுத்தவரை ஆண் பெண் வேறுபாட்டைத் தமிழர் ஐயமின்றி அறிந்திருந்தனர். அது பனை.

பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்மரம் பாளை விடும், பதநீரும் தரும், காய்க்காது. பெண்ணை என்றே பனைக்கு ஒரு பெயர் இருக்கிறது. திருவோத்தூரில், அதாவது இன்றைய செய்யாற்றில், சிவனடியார் ஒருவர் நட்டு வளர்த்த பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகிக் காய்க்காமல் நின்றன. அதைக் கண்டு பிறர் நகைத்தனர். அவர் முறையிட, ஞானசம்பந்தர் பதிகம் பாட, ஆண்பனைகள் குலை ஈன்றன என்பது வரலாறு. பதிகத்தின் கடைசிப் பாடலிலேயே அதற்குக் குறிப்பு இருக்கிறது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதை விரித்துச் சொன்னவர் சேக்கிழார். அவர் பிறந்த குன்றத்தூர் தாம்பரத்துக்கு அருகில், பனைகள் நிறைந்திருந்த தொண்டைநாட்டு ஊர்களுள் ஒன்று. பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு வாசித்தாலும் இந்தக் கதை ஒரு செய்தியைத் தாங்கி நிற்கிறது. ஆண்பனை காய்க்காது என்பதைக் கேட்போர் அனைவரும் அறிந்திருந்தால்தான் அது அற்புதமாக முடியும்.

காய்க்காத பனையைப் பற்றி இன்னொரு கதை உண்டு. அது நடந்த இடம் பெர்லின் நகரம், ஆண்டு 1749. அங்கே ஒரு தாவரத் தோட்டத்தில் பெண் பனைவகை ஒன்று நெடுங்காலமாகப் பூத்தும் காய்க்காமல் நின்றிருந்தது. அதன் ஆண் இணை அந்த நகரத்தில் இல்லை. தோட்டத்தின் பொறுப்பாளரான கிளெடிட்ச், லைப்சிக் நகரில் இருந்த ஆண்மரம் ஒன்றின் பூக்களை அஞ்சலில் வரவழைத்தார். வழியிலேயே பெரும்பாலும் உதிர்ந்துபோன தூளை எடுத்துப் பெண்பூக்களின்மேல் தூவினார். மரம் காய்த்தது. அந்தக் காய்களை விதைத்து நாற்றும் பெற்றார். தாவரங்களுக்கும் ஆண் பெண் உண்டு என்று 1694இல் கமெராரியுஸ் எழுதியதை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது போதுமான விடையாக அமைந்தது. வேறு ஒன்றையும் இந்தச் சோதனை காட்டியது. தாது தான் பிறந்த மரத்தை விட்டுப் பிரிந்து, சில நாட்கள் வண்டியில் பயணம் செய்து, இன்னொரு நகரத்தில் உயிர்ப்பைத் தொடரக்கூடியது. திருவோத்தூரில் பாட்டு செய்ததாகச் சொல்லப்படுவதைப் பெர்லினில் ஒரு பொட்டலம் செய்தது.

இதை வெகுகாலம் முன்பே செய்துவந்தவர்கள் பேரீச்சை வளர்த்த மக்கள். பேரீச்சையிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்பூவின் தூளைப் பெண்பூங்கொத்தின்மேல் உதறும் வழக்கத்தைக் கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டில் தியோபிராஸ்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆண்மரம் எப்போதும் பெண்மரத்தின் நேரத்துக்குப் பூப்பதில்லை. ஆகவே ஆண்பூக்களை உலர்த்தி, ஈரம் படாமல் காத்து, அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கும் பழக்கம் மேற்காசிய உழவர்களிடம் உண்டு. பூந்தாதைச் சேமிக்கும் கலையின் தொடக்கத்தை அங்கேதான் வைக்க வேண்டும். வறண்ட காற்று அவர்களுக்குத் துணைசெய்தது. நம் கடற்கரைகளின் ஈரக்காற்றில் அது எளிதன்று.

எல்லாத் தாதும் இப்படிக் காத்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நெல்லின் தாது பூ விரிந்த சில நிமிடங்களில் உயிரற்றுப் போகிறது. கரும்பின் தாதும் ஏறக்குறைய அப்படித்தான். தென்னை, திராட்சை, எலுமிச்சை ஆகியவற்றின் தாது நாட்கணக்கில் தாங்கும். உலர்த்திக் குளிரில் வைத்தால் மாதங்களும் ஆண்டுகளும் தாங்கும். இந்த வேறுபாட்டுக்கு ஓர் உடற்கூற்றுக் காரணம் உண்டு. சில தாவரங்களின் தாது இரண்டு உயிரணுக்களோடு பூவை விட்டு வெளியேறுகிறது. சிலவற்றில் அது மூன்றாகப் பிரிந்தபின் வெளியேறுகிறது. 1967இல் புரூபேக்கர் ஏறத்தாழ 2000 இனங்களைத் தொகுத்து இதை விரிவாகக் காட்டினார். பொதுவாக இரண்டு அணுக்கள் கொண்டவை பொறுமையானவை, மூன்று கொண்டவை அவசரக்காரர்கள். புல்லினத்தின் தாது மூன்றணு வகை. பனையினத்தில் பெரும்பாலும் இரண்டணு வகை. தொல்காப்பிய மரபியல் வெளியே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்தான், நெல்லுக்கு உறவுதான். ஆனால் தாதின் ஆயுளில் அந்த உறவினர்கள் எதிரெதிர்த் துருவங்களில் நிற்கிறார்கள்.

தமிழகத்தின் பயிர்க்கலப்பு வரலாற்றை இந்த ஆயுள் வேறுபாடே பெரிதும் வடிவமைத்தது என்று சொல்லலாம். அந்த வரலாறு சென்னையின் தென்புறத்தில், சைதாப்பேட்டையில் தொடங்குகிறது. 1868இல் அங்கே ஒரு வேளாண்மைப் பள்ளி நிறுவப்பட்டது. 1906இல் அது கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். 1912இல் கோவையில் நெல்லுக்கும் கரும்புக்கும் ஆய்வு நிலையங்கள் தோன்றின. கரும்பு நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் சாறு மிகுந்த கரும்போடு காட்டில் விளையும் நாணல்வகையைக் கலந்து கோ 205 என்ற கலப்பினத்தை உருவாக்கினர். 1918இல் வெளியான அது வட இந்தியாவின் கரும்பு வயல்களை மாற்றியது. கரும்பு வட இந்தியாவில் செழித்தாலும் அங்கே எளிதில் பூப்பதில்லை, கோவையில் நன்றாகப் பூக்கும். கலப்பு நிலையம் கோவைக்கு வந்ததற்கு அதுவே காரணம். தாதைச் சேமிக்க இயலுமானால் எங்கோ பூத்ததை எங்கோ கொண்டுபோய்த் தூவலாம். கரும்பில் அது இயலாததால் மனிதர்களே பூவைத் தேடி வந்தார்கள். நெல்லிலும் இதே நிலைதான். இன்றும் வீரிய நெல் விதை உற்பத்தியில் ஆண்வரிசையையும் பெண்வரிசையையும் வெவ்வேறு நாட்களில் விதைத்து, இரண்டும் ஒருசேரப் பூக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். தாது காத்திராது என்பதால் உழவன் நாட்காட்டியைத் திருத்துகிறான்.

தென்னையின் கதை வேறு. சென்னை மாகாண அரசு 1916இல் மேற்குக் கடற்கரையில் காசர்கோட்டிலும் நீலேச்வரம் பகுதியிலும் தென்னை ஆய்வு நிலையங்களை நிறுவியது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை அப்பகுதி சென்னை ஆட்சியின் கீழ்தான் இருந்தது. அந்த நீலேச்வரத்தில் 1932இல் ஜே. எஸ். பட்டேல் மேற்குக் கரை நெட்டைத் தென்னையோடு சாவக்காட்டுப் பச்சைக் குட்டைத் தென்னையைக் கலந்தார். உலகின் முதல் தென்னைக் கலப்பினம் அதுதான். நெட்டை நூறாண்டு நிற்கும், ஆனால் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். குட்டை விரைவில் காய்க்கும், ஆனால் காய் சிறிது, ஆயுள் குறைவு. இரண்டின் நல்ல குணங்களும் ஒரு மரத்தில் சேர்ந்ததைக் கண்டபின் உலகெங்கும் தென்னை ஆய்வு இந்தப் பாதையிலேயே நடந்தது. பட்டேல் 1938இல் எழுதிய தென்னை பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

தென்னையில் இந்தக் கலப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் தாதைச் சேமிப்பதன் தேவை புரியும். தென்னையின் ஒரே பாளையில் ஆண்பூக்களும் பெண்பூக்களும் இருக்கின்றன. பெண்பூவின் உருண்டை வடிவத்தை நாம் குரும்பை என்கிறோம். நெட்டை மரத்தில் பாளை வெடித்ததும் முதலில் ஆண்பூக்கள் விரிகின்றன. ஏறத்தாழ மூன்று வாரங்களில் அவை உதிர்ந்து முடிகின்றன. அதன்பிறகே குரும்பைகள் தாதை ஏற்கத் தயாராகின்றன, அதுவும் சில நாட்களுக்கு மட்டும். கலப்பு செய்பவர் தாய்மரத்தில் ஏறி, பாளையின் ஆண்பூக்களை எல்லாம் கிள்ளி அகற்றி, வேறு தாது படாமல் பையால் மூடிக் கட்டுகிறார். குரும்பை பக்குவப்படும் நாட்களில் மறுபடியும் ஏறி, தந்தைமரத்தின் தாதைத் தூவுகிறார். ஒரு பாளைக்குப் பலமுறை ஏறி இறங்க வேண்டும். தேங்காய் முற்ற ஓராண்டு ஆகும். அதிலிருந்து வந்த கன்று காய்த்துக் குணம் காட்ட மேலும் பல ஆண்டுகள். ஒரு கலப்பின் பயனை அறிய ஆய்வாளர் ஒருவரின் பணிக்காலத்தில் பாதி போய்விடும்.

இதில் இடறுவது தந்தைமரத்தின் நேரம். தாய்மரத்தின் குரும்பை தயாராகும் அந்தச் சில நாட்களில் தந்தைமரத்தில் ஆண்பூக்கள் விரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தந்தைமரம் இருநூறு மைலுக்கு அப்பாலும் இருக்கலாம். சாதாரண வெப்பநிலையில் தென்னையின் தாது சில நாட்களே தாங்கும். எனவே ஆண்பூக்களைப் பறித்து, மெல்ல நசுக்கி, மிதமான சூட்டில் உலர்த்திச் சலித்து, ஈரத்தை உறிஞ்சும் உப்போடு மூடிய கண்ணாடிக் கலத்தில் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். எடுத்துப் பயன்படுத்துமுன் சர்க்கரைக் கரைசலில் சிறிது தூவிப் பார்க்கிறார்கள். உயிருள்ள தாதுமணி ஒரு மெல்லிய குழாயை நீட்டும். நுண்ணோக்கியின் கீழ் அப்படி முளைத்தவற்றை எண்ணிப் பார்த்து, தாது தேறுமா தேறாதா என்று முடிவுசெய்கிறார்கள். விதைத்தோட்டங்களில் விலைமதிப்புள்ள தாதை முகப்பவுடருக்குப் பயன்படும் டால்க் மாவோடு கலந்து, அளவாகத் தூவுவதும் உண்டு.

தஞ்சைப் பகுதியில் இந்த வேலைக்கு ஒரு நெருக்கடி காத்திருந்தது. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் அங்கே தென்னைகளை ஒரு வாடல் நோய் தாக்கத் தொடங்கியது. தஞ்சாவூர் வாடல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1958இல் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கிருந்து கிழக்குக் கரை நெட்டையைத் தாயாகவும் மலேயாப் பச்சைக் குட்டையைத் தந்தையாகவும் கொண்ட கலப்பினம் 1982இல் வெளியானது. பின்னர் மஞ்சள் குட்டையைத் தந்தையாகக் கொண்ட இன்னொன்றும் வந்தது. தாய் சோழமண்டலக் கரையின் மரம், தந்தை கடல் கடந்து வந்தது. சோழர்காலக் கடல் வாணிகத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த மரம் நினைவுக்கு வருவதுண்டு.

குளிர்பெட்டியில் வைத்த தாது சில மாதங்களுக்கு உதவும். அதற்கு மேல் போக வேண்டுமானால் கடுங்குளிர் தேவை. 1922இல் அமெரிக்காவில் நோல்டன் என்பவர் ஒரு தோட்டப்பூவின் தாதைச் சுழியத்துக்குக் கீழே 180 பாகைவரை குளிர்வித்துப் பார்த்தார். அந்தக் குளிரிலும் தாது சாகவில்லை. நீர் பனிக்கட்டியாக உறையும்போது அதன் ஊசிமுனைகள் உயிரணுவைக் கிழித்துவிடும். ஆனால் நன்கு உலர்ந்த தாதில் உறைவதற்கு நீர் மிகக் குறைவு. ஆகவே உயிர் கெடாமல் எல்லா இயக்கமும் நின்றுபோகிறது. இன்று இதற்குத் திரவ நைட்ரஜனைப் பயன்படுத்துகிறார்கள். அதன் குளிர் சுழியத்துக்குக் கீழே 196 பாகை. இந்தியாவில் இந்த வழியை முறையாகத் திறந்தவர் பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். கணேசன். 1980களில் திராட்சை, பப்பாளி, வெங்காயம் ஆகியவற்றின் தாதைத் திரவ நைட்ரஜனில் வைத்துச் சோதித்து அவர் கட்டுரைகள் வெளியிட்டார். அங்கே ஒரு தாது வங்கியும் உருவானது. காசர்கோட்டில், 1916இல் சென்னை அரசு நிறுவிய நிலையத்தின் வழிவந்த மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தென்னைத் தாதை அதே குளிரில் ஆண்டுக்கணக்கில் காக்கும் முறையை வகுத்தது. அப்படி வைத்த தாது எப்போதும்போல் தேங்காயைப் பிறப்பித்தது.

நெல்லுக்கோ கம்புக்கோ இத்தனை பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவற்றுக்குத் தேவையில்லைதான். அவற்றின் விதையையே உலர்த்திக் குளிரில் வைத்துவிடலாம், பல்லாண்டுகள் முளைக்கும். தேங்காயை அப்படிச் செய்ய முடியாது. அது உலர்ந்தால் இறக்கும், உறைந்தாலும் இறக்கும், சும்மா வைத்தால் முளைவிடும். அதனால் தென்னை இனங்களின் களஞ்சியம் என்பது ஒரு தோட்டமாகத்தான் இருக்க முடியும். கர்நாடகத்தின் கிடு என்ற ஊரில் தெற்காசியாவுக்கான அத்தகைய தோட்டம் 1998இல் தொடங்கியது. தோட்டத்தைப் புயல் வீழ்த்தும், நோய் தின்னும், நிலத்துக்கு வேறு தேவையும் வரும். தேங்காயின் உள்ளே இருக்கும் கருமுளையையும் பூவின் தாதையும் தவிர உறைகுளிரில் வைக்கத் தென்னையிடம் வேறொன்றும் இல்லை.

இவ்வளவு சொன்னபின் தாதின் எல்லையையும் சொல்ல வேண்டும். தாது ஒரு பாதி. அதில் தந்தையின் குணக்குறிப்பு மட்டுமே இருக்கிறது. அதிலிருந்து ஒரு மரத்தை நேரடியாக எழுப்ப இயலாது. அது காத்திருப்பது தாய்மரத்துக்காக. தாய்மரம் இல்லாத உலகில் நைட்ரஜன் கலத்தில் உறங்கும் தாது வெறும் தூள்.

ஜமைக்காவில் நடந்ததை இங்கே நினைத்துப்பார்க்கலாம். அங்கே உயிர்கொல்லி மஞ்சள் நோய் நெட்டைத் தென்னைகளை அழித்தபோது, 1960களில் வைட்ஹெட் என்ற ஆய்வாளர் தென்னைத் தாதை உறையவைத்து உலர்த்திக் காக்கும் முறையை உருவாக்கினார். 1974இல் மலேயாக் குட்டையைத் தாயாகவும் பனாமா நெட்டையைத் தந்தையாகவும் கொண்ட மேபன் என்ற கலப்பினம் வந்தது. நோயை வென்றுவிட்டோம் என்று நம்பித் தீவெங்கும் அதை நட்டார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் அந்த மரங்களும் அதே நோய்க்கு வீழ்ந்தன. சேமித்த தாதின் குற்றம் அதில் இல்லை. ஓரிரு பெற்றோரையே நம்பி ஒரு நாட்டை நட்டதுதான் பிழை. குளிர்கலத்தில் எத்தனை தந்தையரின் தாது இருக்கிறது என்பதோடு, வெளியே எத்தனை வகைத் தாய்மரங்கள் நிற்கின்றன என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

நம் பக்கத்தில் அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் தாம்பரம், வண்டலூர்ப் பகுதிகளில் ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளை வேரோடு பெயர்த்தது. உழவர்கள் மறுநட்டுக்குக் கன்று தேடியபோது, கலப்பினக் கன்று நினைத்தவுடன் கிடைப்பதன்று என்பது தெரிந்தது. ஒவ்வொரு கலப்பினத் தேங்காய்க்கும் பின்னால் ஒரு தாய்மரமும், சேமித்த தாதும், மரமேறத் தெரிந்த ஒரு மனிதரும் இருந்தாக வேண்டும். தாதைக் குளிர்கலத்தில் பத்தாண்டு வைக்கலாம். தாய்மரத்தை அப்படி வைக்க இயலாது. மரமேறுபவரின் கைத்திறனையும் வைக்க இயலாது. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறினால்தான் உண்டு.

பனைக்கு இந்த அளவுகூட ஏற்பாடு இல்லை. 1978இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. கன்றாக இருக்கும்போது அது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாளை விட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆகும். திருவோத்தூர் அடியார் அத்தனை ஆண்டுகள் நீர் வார்த்த பிறகுதான் தம் மரங்கள் ஆண்பனைகள் என்று அறிந்திருப்பார். அவருடைய துயரத்தின் அளவு இந்தக் கணக்கில்தான் விளங்குகிறது. குன்றத்தூரிலிருந்து தாம்பரம் வரும் வழியில் மனைப்பிரிவுகளுக்கு நடுவே இன்னும் சில பனைகள் தனித்தனியே நிற்கின்றன. ஆண்பனை ஒரு மனையிலும் பெண்பனை நாலைந்து தெரு தள்ளியும் இருக்கின்றன. அவற்றுக்கிடையே தாதைச் சுமக்கும் வேலையைக் காற்றும் பூச்சிகளும் இன்றைக்கும் கூலியின்றிச் செய்கின்றன. இரண்டில் ஒன்றை வெட்டினால், எஞ்சி நிற்பதைக் காய்க்கவைக்க நம்மிடம் பதிகமும் இல்லை, பொட்டலமும் இல்லை.